இரண்டு கோடு விழுந்ததும் முதலில் யாரிடம் போவது?



பதிவு நீளமானது. சிலருக்குக் கோபமும் வரும். முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கொஞ்சம் வசதியான ஒரு வீட்டில் மருமகளுக்கு நாள் தள்ளிப்போகிறது. பாமசியில் வாங்கிய டெஸ்டில் இரண்டு கோடு விழுகிறது. அல்ஹம்துலில்லாஹ். அடுத்த அரை மணித்தியாலத்துக்குள் அந்த வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: யாரைச் சனல் பண்ணுவது? உம்மா ஒரு டொக்டரின் பெயரைச் சொல்வார். மாமி வேறொரு பெயரைச் சொல்வார். மச்சி தன்னுடைய இரண்டு பிள்ளைகளும் எந்த ஹொஸ்பிட்டலில், எந்த ரூமில் பிறந்தார்கள் என்று தொடங்கிவிடுவார்.

ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: எங்கள் பகுதிக்கு மிட்வைஃப் யார்?

நாம் சொல்ல வருவது இவ்வளவுதான். கர்ப்பம் என்று தெரிந்தால் முதல் வேலை, பகுதி மிட்வைஃபிடம் பதிந்து கர்ப்பிணி அட்டையைக் கையில் எடுப்பது. அதுவும் எட்டாவது வாரத்துக்கு முன்னர். சனலிங் வேண்டுமென்றால், வசதியும் இருந்தால், அதற்குப் பிறகு, அதோடு சேர்த்து. இந்த வரிசையை எமது வீடுகள் தலைகீழாக மாற்றி வைத்திருக்கின்றன. மாற்றியதற்குச் சொல்லப்படும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது நியாயம்: "அதெல்லாம் இல்லாதவர்களுக்கு."

கொட்டாஞ்சேனையின் தோட்டங்களில் இருக்கும் பெண்கள் காலையிலேயே கிளினிக் வாங்கில் போய் இருக்கிறார்கள். அதே கொட்டாஞ்சேனையில் மாடி வீட்டுப் பெண்களையும், வெள்ளவத்தையில் தொடர்மாடிப் பெண்களையும் அங்கே காண்பது குறைவு. மிட்வைஃப் வீடு தேடி வந்தாலும் கீழே நிற்கும் காவலாளி "மேலே யாரைப் பார்க்கவேண்டும், எந்த நம்பர்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார். மேலே இருப்பவர்களுக்கு அவர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

இல்லாதவர்களுக்கு என்று ஒதுக்கும் அந்தச் சேவை எப்படி வந்தது தெரியுமா? 1940களின் நடுப்பகுதி வரைக்கும் இந்த நாட்டில் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 1500க்கும் மேற்பட்ட தாய்மார் மௌத்தானார்கள். எமது மூத்தம்மாமாரின் காலம் அது. பிள்ளைப்பேற்றுக்குப் படுத்தவள் எழும்புவாளா என்ற பயத்தோடுதான் வீடு யாஸீன் ஓதியது. இன்று அந்த எண்ணிக்கை 30 அளவில் நிற்கிறது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவிலிருந்து படிப்படியாகப் பரப்பப்பட்ட ஏற்பாடு இது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மிட்வைஃப், சுமார் 3000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில். வீடு வீடாகப் போய், பெயர் எழுதி, கர்ப்பிணிகளைக் கிளினிக்குக்குக் கூட்டி வந்தவர்கள் அவர்கள். இன்று 99 வீதத்துக்கும் அதிகமான பிரசவங்கள் வைத்தியசாலையில்தான் நடக்கின்றன. நிகழும் ஒவ்வொரு தாய் மரணமும் தனித்தனியாக விசாரிக்கப்படுகிறது. எம்மைவிடப் பல மடங்கு பணக்கார நாடுகளிலிருந்து வந்து படித்துவிட்டுப் போகும் ஏற்பாடு. எமக்கு மட்டும் அது இல்லாதவர்களின் வாங்கு.

கொழும்பு மாநகர எல்லைக்குள் இந்தச் சேவையை நடத்துவது மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களம். அதற்குச் சோலை வரி கட்டுகிறோம். பணம் கட்டிவிட்டுச் சேவையை எடுக்காமல் விடுவதற்கு என்ன பெயர் வைப்பது?

இரண்டாவது: "நாங்கள் பெரிய டொக்டரிடம் காட்டுகிறோமே, மிட்வைஃப் எதற்கு?"

பெரிய டொக்டர் தேவை இல்லை என்று நாம் சொல்லவில்லை. நீங்கள் மாலையில் சனல் பண்ணும் அதே நிபுணர், பகலில் அரச வைத்தியசாலையில் இலவசமாக நோயாளி பார்ப்பவராகத்தான் பெரும்பாலும் இருப்பார் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆனால் சனலிங் அறையில் கிடைப்பது சில நிமிடம். ஸ்கேன் படம் கையில் வரும். வீட்டு வட்ஸ்அப்பில் அது சுற்றும். இரத்த வகை பார்த்ததா, ஹீமோகுளோபின் எவ்வளவு, பிரஷர் போன முறையைவிட ஏறியிருக்கிறதா என்று கேட்டால் பதில் வராது. அந்த ரிப்போர்ட் ஒரு பையில், இந்தச் சீட்டு இன்னொரு பையில்.

கிளினிக்கில் முதல் வருகையில் என்ன செய்கிறார்கள்? உயரம், நிறை, பிரஷர். இரத்த வகை, ஹீமோகுளோபின், சீனி, சிறுநீர். ருபெல்லா தடுப்பூசி போட்டதா என்ற கேள்வி. தைரோயிட், வலிப்பு, பிரஷர் என்று ஏற்கனவே மருந்து குடிப்பவரா என்ற விசாரணை. வலிப்பு மருந்துகளில் சில வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாதவை. அதற்காக வீட்டிலேயே குளிசையை நிறுத்துவது அதைவிட ஆபத்து, வைத்தியரே மாற்றித் தர வேண்டும். பிறகு வைத்தியர் நெஞ்சில் குழாயை வைத்து இதயத்தைக் கேட்கிறார். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைப் பழுதாக்கியிருப்பது சில பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில்தான் தெரிய வருகிறது. தலசீமியா பற்றியும் கேட்கிறார்கள். மாமன் மகள், சாச்சா மகன் என்று சொந்தத்துக்குள் முடிக்கும் எமது குடும்பங்களுக்கு அந்தக் கேள்வி இன்னும் முக்கியம். இருவரும் காவிகளாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள பிள்ளை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு.

எல்லாம் ஒரே அட்டையில் எழுதப்படுகிறது. அந்த அட்டைதான் தாயின் சரித்திரம்.

எமக்குத் தெரிந்த இளம் ஆசிரியை ஒருவர். தனியார் இடமொன்றில் எட்டு மாதம் காட்டினார். ஒவ்வொரு முறையும் ஸ்கேன், ஒவ்வொரு முறையும் "பேபி நல்லம்." கிளினிக் பக்கம் போகவில்லை. ஒன்பதாம் மாதம் இரவில் தலையிடி, கண் மங்கல். அந்த இடத்துக்கே கொண்டுபோனார்கள். பிரஷர் கைமீறிப் போய்விட்டது, எம்மால் பார்க்க முடியாது என்று சொல்லி அம்புலன்ஸில் ஏற்றி அரச வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே முதல் கேள்வி: அட்டை எங்கே? அட்டை இல்லை. முன்னர் பிரஷர் எவ்வளவு இருந்தது என்று சொல்லவும் யாரும் இல்லை. தாயும் பிள்ளையும் தப்பினார்கள், அல்லாஹ்வின் அருள். தப்பவைத்தது நாம் வேண்டாம் என்று ஒதுக்கிய வாட். கட்டிய சில இலட்சம் ரூபாவும் அந்த இரவில் ஒன்றுக்கும் உதவவில்லை.

இன்னொன்று. பிள்ளை பிறந்த பிறகு நாற்பது நாள் தாயை வெளியே விடுவதில்லை. அந்த நாற்பதுக்குள் சனலிங் டொக்டர் வீட்டுக்கு வருவாரா? மிட்வைஃப் வருவார். முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவையாவது வந்து தையலைப் பார்ப்பார், பால் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார், பிள்ளையின் தொப்புளையும் மஞ்சளையும் பார்ப்பார், தாய் காரணமில்லாமல் அழுகிறாளா என்றும் கேட்பார். பதியாதவளின் கதவை அவர் எப்படித் தட்டுவார்?

மூன்றாவது: "மூன்று மாதம் போகட்டும். கண்ணூறு படும்."

ஊருக்குச் சொல்லாதீர்கள், சரி. ஃபேஸ்புக்கில் போடாதீர்கள், மிகவும் சரி. மிட்வைஃபுக்குச் சொல்வது ஊருக்குச் சொல்வதா? பிள்ளையின் மூளைக்கும் முள்ளந்தண்டுக்குமான குழாய் கருத்தரித்து நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும்போது அந்த வேலை முடிந்துவிட்டது. போலிக் அசிட் குளிசை வேலை செய்ய வேண்டிய காலமே அதுதான். கல்யாணம் முடித்துப் பிள்ளைக்கு நிய்யத் வைக்கும்போதே அதைத் தொடங்கச் சொல்வது அதனால்தான். புதுமணத் தம்பதிகளையும் மிட்வைஃப் பதிந்துகொள்கிறார், குளிசையும் தருகிறார். எமது வீடுகளில் அன்னாசி தின்னாதே, பப்பாசி தின்னாதே என்று சொல்லப் பத்துப் பேர் இருக்கிறார்கள். போலிக் அசிட் குடித்தாயா என்று கேட்க ஒருவர் இல்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுக்கிறோம். ஒட்டகத்துக்கு உள்ள சட்டம் மருமகளுக்கு இல்லையா?

நான்காவது: "எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். எங்களை யாரென்று நினைத்தார்கள்?"

யாரென்றும் நினைக்கவில்லை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுக்கிறார்கள். மந்திரியின் மகளுக்கும் அதே குழாய்தான். எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதை இல்லாதொழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. அந்தச் சான்றைப் பெற்றுக் கொடுத்தது, கை நீட்டி இரத்தம் கொடுத்த எல்லா மதத்துத் தாய்மாரும்தான். மானம் போகிறது என்று மறுப்பவர், தன் மகனை நம்புகிறேன் என்று சொல்வதற்காக மருமகளின் பிள்ளையைப் பணயம் வைக்கிறார்.

ஐந்தாவது நியாயம்தான் எமது சமூகத்தில் பலமாகச் சொல்லப்படுவது: "அரச ஹொஸ்பிட்டலில் ஆண்கள். அவ்ரத் இருக்கிறதே."

இதைச் சொல்லிவிட்டு எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். தனியாரில் மகப்பேற்று நிபுணரிடம். இந்த நாட்டில் அந்த நிபுணர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். ஆனால் வீட்டுக்கு வரும் மிட்வைஃப் பெண். கிளினிக்கில் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் மிட்வைஃப் பெண். டி சொய்சா மகளிர் வைத்தியசாலையிலும் காசல் வீதியிலும் சிக்கலில்லாத சுகப்பிரசவத்தைப் பெரும்பாலும் கையில் ஏந்துவது மிட்வைஃப்மார். இலங்கையில் அந்தத் தொழிலில் ஆணே கிடையாது! அவ்ரத்தைப் பேணத்தான் போகிறோம் என்றால் முதலில் போக வேண்டிய இடம் எது? பெண்ணைத் தாண்டி ஆணிடம் போய்விட்டு, மார்க்கத்தைக் காரணம் சொல்வது மார்க்கத்துக்குச் செய்யும் மரியாதை அல்ல.

சிக்கல் வந்து ஆண் வைத்தியர்தான் இருக்கிறார் என்றால், பெண் கிடைக்காத இடத்தில் ஆணிடம் காட்ட மார்க்கம் இடம் கொடுக்கிறது என்று உலமாக்கள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்கள். உயிரைக் காப்பது கடமை.

இங்கே ஆசிரியர்களாகிய எமக்கு இன்னொரு கணக்கும் தீர்க்க இருக்கிறது. பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்கும் அதே வாப்பாமாரிடம், சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்த மகளை உயிரியல் பிரிவுக்கு விடுங்கள் என்று நாம் கெஞ்சிப் பார்த்திருக்கிறோம். "ட்யூஷனுக்கு இரவில் போக வேண்டும். மெடிகல் பகல்டி ஐந்து வருஷம். அதற்குள் வயது போய்விடும் டீச்சர். ஒரு மாப்பிள்ளையும் பேசி வந்திருக்கிறார்கள்." பிள்ளை வகுப்பிலிருந்து போய்விடுகிறது. நான்கு வருஷம் கழித்து அந்தப் பிள்ளைக்கே பிரசவம். வாப்பா கொழும்பு முழுவதும் லேடி டொக்டரைத் தேடுகிறார். அவருடைய வீட்டில் இருந்த லேடி டொக்டரை அவர்தானே அனுப்பி வைத்தார்?

டொக்டராக வேண்டாம், மிட்வைஃப் ஆகட்டும் என்றால் அதற்கும் முகம் சுளிக்கிறார்கள். உயர்தரத்துக்குப் பிறகு 18 மாதப் பயிற்சி, அரச நியமனம், தன் பகுதியிலேயே பெண்களோடும் பிள்ளைகளோடும் வேலை. இதைவிடக் கண்ணியமான தொழில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? தமிழ் பேசும் மிட்வைஃப் இல்லை என்று குறை சொல்லும் சமூகத்திலிருந்து எத்தனை விண்ணப்பம் போகிறது?

ஆறாவதைச் சிலர் மெதுவாகத்தான் சொல்கிறார்கள்: "2019க்குப் பிறகு எப்படி நம்புவது?"

இந்தப் பயத்தை நாம் கேலி செய்ய மாட்டோம். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த பிறகு கொட்டாஞ்சேனை எப்படி இருந்தது என்பதை நாம் கண்ணால் கண்டோம். தலையில் துணியோடு கிளினிக் வாசலில் நிற்கவே கூசிய நாட்கள் அவை. அடுத்த மாதம் குருநாகல் போதனா வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி ஷிஹாப்தீன் கைதானார். சிங்களத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்று பத்திரிகையில் தலைப்பு வந்தது. அதற்கு ஆதாரம் இல்லை என்று விசாரணையாளர்களே நீதிமன்றத்துக்குச் சொன்னார்கள். ஜூலையில் பிணை கிடைத்தது. பிறகு வேலையும் திரும்பக் கிடைத்தது. 2022இல் கிடைத்த நிலுவைச் சம்பளம் 26 இலட்சத்துக்கும் மேல். மருந்தில்லாமல் நாடு தவித்த நேரம் அது. அந்தப் பணத்தை மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கதையைக் கட்டியவர்களின் நோக்கம், ஒரு சமூகத்துத் தாய் இன்னொரு சமூகத்து வைத்தியரை நம்பக்கூடாது என்பது. வாட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் படுக்கும் பெண்களைப் பிரித்துவிடுவது. ஷாபி ஓடவில்லை, மருந்து வாங்கப் பணம் கொடுத்தார். நாம் ஓடினால் கதை கட்டியவர்களின் மிச்ச வேலையை நாமே முடித்துக் கொடுக்கிறோம்.

இனி, நியாயமான குறைகள். இவற்றை நாம் மறைக்க மாட்டோம்.

மொழி. தமிழ் பேசுவோர் இவ்வளவு பேர் வாழும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சுகாதார விளக்கம் சிங்களத்தில் மட்டும் நடந்தால், பின் வாங்கில் இருக்கும் பெண் தலையை ஆட்டிவிட்டு வருவாள், ஒன்றும் விளங்கியிருக்காது. 1987இன் 13ஆவது திருத்தம் முதல் தமிழும் அரசகரும மொழி. இது சலுகை கேட்பது அல்ல. நேரம். வேலைக்குப் போகும் பெண் வார நாள் காலையில் எப்படி வருவது? மாலைக் கிளினிக்கோ சனிக்கிழமைக் கிளினிக்கோ ஏன் கூடாது? மரியாதை. "இன்னொன்றா?" என்று முகத்துக்கு நேரே கேட்கும் வாயை மேலதிகாரிகள் அடக்க வேண்டும்.

ஆனால் இதைக் கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது? வாங்கில் இருப்பவருக்கு. படித்த, பேசத் தெரிந்த, கடிதம் எழுதத் தெரிந்த குடும்பங்கள் எல்லாம் சனலிங்குக்குப் போய்விட்டால், கிளினிக்கில் மிஞ்சுவது குரல் எழுப்ப முடியாத பெண்கள் மட்டும். ஒரு சேவை கெட்டுப்போவது அப்படித்தான். இருப்பவர்களும் வந்து உட்கார்ந்தால்தான் அது இல்லாதவர்களுக்கும் நன்றாக நடக்கும். 1879இல் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா கொடுத்த கொடையில் தொடங்கிய பிரசவ இல்லம்தான் இன்றைய டி சொய்சா வைத்தியசாலை. எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் இன்றும் அங்கே பிள்ளைகள் பிறக்கின்றன. எமது தனவந்தர்கள் பள்ளிவாசலுக்குக் குளிரூட்டி போட்டது போதும். கிளினிக்குக்கு நாற்காலியும் மின்விசிறியும் போட்டாலும் ஸதகதுல் ஜாரியாதான்.

ஆகவே, இரண்டு கோடு விழுந்தால்:

1. கடைசி மாதவிடாயின் முதல் திகதியை எழுதி வையுங்கள். எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான்.

2. போலிக் அசிட் தொடங்கவில்லையென்றால் இன்றே தொடங்குங்கள். ஏற்கனவே குடிக்கும் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம், உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

3. பகுதி மிட்வைஃப் யார் என்று கிராம சேவகரிடமோ அருகிலுள்ள மாநகர சபைக் கிளினிக்கிலோ கேளுங்கள். எட்டு வாரத்துக்குள் பதியுங்கள். அரசாங்கத்தின் போஷாக்குக் கொடுப்பனவும் திரிபோஷவும் இந்தப் பதிவின் வழியாகத்தான் வருகின்றன.

4. சனல் பண்ணினாலும் அட்டையைக் கொண்டுபோய் அங்கேயும் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்பவர் உங்களுக்கு ஏற்ற டொக்டர் இல்லை.

5. எங்கே பிரசவம் என்பதை அட்டை தீர்மானிக்கட்டும். பிரஷர், சீனி, இதய நோய், முன்னைய சிசேரியன் இருந்தால், எல்லா வசதியும் இரத்த வங்கியும் உள்ள பெரிய வைத்தியசாலைதான். ரூமில் ஏசி இருக்கிறதா என்பது கடைசிக் கேள்வி.

6. இரத்தம் பட்டால், அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி வந்தால், மயக்கம் வந்தால், பிந்திய மாதங்களில் கடும் தலையிடியோ கண் மங்கலோ பிள்ளையின் அசைவுக் குறைவோ இருந்தால், அடுத்த சனலிங் திகதி வரை காத்திருக்காதீர்கள். நேரே வைத்தியசாலைக்கு. 1990ஐ அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

7. ரமழான் வந்தால் நோன்பைப் பற்றி வைத்தியரிடமும் ஆலிமிடமும் கேளுங்கள். அல்லாஹ் கொடுத்த சலுகையை மாமி பறிக்க முடியாது.

கணவர்மாரே, ரூமுக்குக் காசு கட்டுவதோடு உங்கள் வேலை முடியவில்லை. ஒரு நாள் லீவு போட்டு மனைவியோடு அந்த வாங்கில் இருங்கள். மாமிமாரே, உங்கள் காலத்தில் நீங்கள் பட்டதை மருமகளும் பட வேண்டும் என்பது சுன்னத் இல்லை. பள்ளிவாசல் நிர்வாகிகளே, ஜனாஸா அறிவிக்கும் ஒலிபெருக்கியில் பகுதிக் கிளினிக்கின் நாளையும் நேரத்தையும் அறிவியுங்கள். நிக்காஹ் பதியும் அன்றே மணமகளின் கையில் மிட்வைஃபின் நம்பரைக் கொடுங்கள். கதீப்மாரே, லுக்மான் ஸூராவில் தாய் சுமக்கும் சுமையை அல்லாஹ் ஞாபகப்படுத்துகிறான். அந்தச் சுமையை இறக்கும் வழியையும் ஒரு ஜுமுஆவில் சொல்லுங்கள்.

உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்வோம். உடன்படுபவர்கள் லைக் போட்டுவிட்டுப் போக வேண்டாம். புதிதாகக் கல்யாணம் முடித்த ஒரு வீட்டுக்கு இதை அனுப்பிவிடுங்கள்.

எமது பெண்பிள்ளைகளுக்கு இலேசான பிரசவத்தையும், ஸாலிஹான பிள்ளைகளையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.